பூவரசுக்கு எந்தக் கரை?

எவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்னு ரெஜின் சபதம் போட்டப்ப, அவன் பொண்டாட்டி ஃபெபி தையல் மெஷினை நிறுத்திட்டு ஒரே ஒரு தடவை நிமிந்து பாத்தா. அவ்வளவுதான். மறுபடி மெஷின் ஓட ஆரம்பிச்சுருச்சு.

விஷயம் கொல்லையில இருக்குற கொட்டாய். மன்னார்குடி பக்கம் பம்ப்செட் ரிப்பேர் பாக்குற ரெஜின், அதுல ஒரு பழைய கடைசல் மெஷினைப் போட்டு மரப்பேனா செய்யுறான். ஃபெபிக்கு அங்க ரெண்டாவது தையல் மெஷின் போடணும். சுத்துப்பட்டு ஜாக்கெட்டெல்லாம் அவகிட்டதான் வருது, கூடத்துல கால் வைக்க இடமில்ல. கடைசியில பந்தயமாயிருச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு கடைக்காரராவது பேனாவை வாங்கணும். வாங்கினா கொட்டாய் அவனுக்கு, இல்லேன்னா அவளுக்கு. நம்மாளு அதோட நிறுத்தியிருக்கலாம். ஒத்தாசைன்னு எவன்கிட்டயாவது கேட்டேன்னா அப்பவும் கொட்டாய் உனக்குத்தான்னு வீராப்பா சேத்துக்கிட்டான்.

பேனா என்னவோ சூப்பராத்தான் செய்வான். பெருவிரல் தடிமன்ல ஒரு கட்டை. நடுவுல ஓட்டை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, கடைஞ்சு, பாலிஷ் ஏத்துனான்னா, உள்ள தூங்கிட்டிருந்த ரேகையெல்லாம் எழுந்து வந்து நிக்கும். புயல்ல விழுந்த பட்டுக்கோட்டைத் தென்னை, காப்பித்தூள்ல மிளகை எறைச்ச மாதிரி. தஞ்சாவூர்ல வீணை செஞ்சது போக மிஞ்சின பலா, உருக்குன நெய் மாதிரி. வாய்க்காக்கரைப் பூவரசு, அசல் கருப்பட்டி. பாத்தா நக்கிப் பாக்கத் தோணும், சத்தியமா.

வில்லங்கம் கிட்டுலதான். கிளிப்பு, வளையம், முனை எல்லாம் சேந்த உலோக செட்டுதான் கிட்டு. தங்கக் கலர், கறுப்பு, செம்புன்னு விதவிதமா வரும். எந்த மரத்துக்கு எதுன்னு ரெஜினுக்குப் பிடிபடல. பலாவுக்குத் தங்கத்தை மாட்டினான், மஞ்சள்ல மஞ்சள் காணாமப் போச்சு. பூவரசுக்குக் கறுப்பு, இருட்டுல எருமை. தென்னைக்குக் கல்லு பதிச்ச பட்டை வளையம், திருவிழாத் தேரேதான்.

தெப்பக்குளத்துக்கிட்ட கிஃப்ட் கடை வச்சிருக்குற ஜாஃபர் சாதிக் பாய் மூணையும் உருட்டி உருட்டிப் பாத்தாரு. மரமும் நல்லாருக்கு, கிட்டும் நல்லாருக்கு, ரெண்டுக்கும் கட்டாயக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்களே தம்பின்னாரு. ஜோடி சரியா சேத்துக் கொண்டாந்தா, காலேஜ் ஃபேர்வெல்லுக்கு மொத்தமா எடுத்துக்குறேன்னாரு.

தொங்குன மூஞ்சியோட வீட்டுக்கு வந்தா, ஃபெபி ஒரு மாம்பழக் கலர் புடவைக்கு ஜாக்கெட் துணி சேத்துக்கிட்டு இருந்தா. பத்துப் பச்சைக்கு நடுவுல அவ எடுக்குற பச்சைதான் பச்சை, ஊரே ஒத்துக்கும். ரெஜினுக்குப் பொறி தட்டுச்சு. பேனான்னு சொல்லிக் கேட்டாதானே ஒத்தாசை?

"ஃபெபி, கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு புடவை பாத்து வச்சிருக்கேன்."

கல்யாணமானதுலேர்ந்து அவனா ஒரு கைக்குட்டை வாங்கிக் குடுத்ததில்ல. அவ வாயில கடிச்சிருந்த ஊசியை எடுத்தா.

"என்ன கலருங்க?"

"நெய் கலர். லேசா ரேகை ஓடும். தங்கக் கரை போட்டா அமுங்கிப் போவுது."

"கறுப்புக் கரை. கண்ணை மூடிட்டு எடுங்க."

"கருப்பட்டிக் கலரா இருந்தா?"

"அதுக்குத்தான் தங்கம். அப்ப ரெண்டு புடவையா?"

ரெஜின் விரல் விட்டு எண்ணிப் பாத்தான். தென்னை பாக்கி இருக்கே. "மூணு. மூணாவது காப்பிக் கலர், உடம்பு பூரா புள்ளி."

ஃபெபி அவன் சட்டையில ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டா.

"உடம்பு பூரா வேலைப்பாடு இருந்தா கரை அடக்கமா இருக்கணுங்க. மெல்லிசா, செம்புக் கலர். கல்லு கில்லு வேணாம்."

அடடா, அப்புறம் வந்த பேனாவைப் பாக்கணுமே. பலா கறுப்புக்கு நடுவுல வெளக்கேத்தி வச்ச மாதிரி நின்னுச்சு. பூவரசு ராசா மாதிரி. தென்னையும் செம்பும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி. பாய் மூணையும் எடுத்துக் கண்ணாடி அலமாரியில வச்சுட்டு ஆர்டரைச் சொன்னாரு.

கொட்டாய் ரெஜினுக்கே. ஃபெபி மறுபேச்சில்லாம ஒத்துக்கிட்டா. புடவை எப்ப வருதுன்னு மட்டும் கேட்டா.

இப்ப என்ன பண்ணுவான்? புடவையே இல்லேன்னா, கரையை எதுக்குக் கேட்டீங்கன்னு ஃபெபி கேப்பா. ஒத்தாசை வெளிய வந்துரும், கொட்டாய் போயிரும். ஜவுளிக்கடைக்கு ஓடினான். பாக்கெட்டுலேர்ந்து பூவரசுக் கட்டையை எடுத்து வச்சு, இந்தக் கலர்ல தங்கக் கரைன்னு கேட்டவன் அந்தக் கடை சரித்திரத்துலயே அவன் ஒருத்தன்தான். பேனாக் காசு பூரா புடவையா மாறிருச்சு.

கிறிஸ்துமஸ் காலையில கோயிலுக்குக் கெளம்பி, நெய் கலர் புடவையில, கறுப்புக் கரையில ஃபெபி வந்து நின்னா. ரெஜின் புதுப் பேனாவை உருட்டிப் பாக்குற மாதிரி பாத்தான். அப்பா, என்ன ஜோடிப் பொருத்தம். புடவை போனாப் போவுது, ரகசியம் தப்பிச்சுதுன்னு மனசுக்குள்ள தோத்திரம் பண்ணிக்கிட்டான்.

ஃபெபி கண்ணாடியில பாத்து மடிப்பைச் சரி பண்ணினா.

"பலா எனக்கு எடுப்பாத்தான் இருக்குங்க. நாளைக்குத் தையல் மெஷின் வருது, கொட்டாய்ல உங்க கடைசலை ஓரமாத் தள்ளிப் போடுங்க. வித்துடாதீங்க, பொங்கலுக்கு வேப்பமரப் புடவை வேணும்."