வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை

பாருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் முத்துராமனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

"என்ன சார் சாப்பிடுறீங்க?" என்று சர்வர் வந்து நின்றார். சட்டையில் சவரியப்பன் என்று பேர் குத்தியிருந்தது.

"ஒரு டீ."

"டீ கீழ ரெஸ்டாரண்ட்ல கெடைக்கும் சார். இது பாரு."

"அப்ப தண்ணி குடுங்க."

"தண்ணி மட்டுமா சார்?" சவரியப்பன் அவருடைய மடிப்பு வேட்டியையும் நெற்றி நிறைந்த திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

பக்கத்தில் இருந்த வெள்ளைச்சாமி காதோரம் குனிந்தான். முத்துராமன் மனைவியின் தம்பி. இந்த மாதிரி இடங்கள் அவனுக்குப் பழக்கம் என்பதால்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மச்சான், ஒண்ணும் வாங்காம ஒக்காந்திருந்தா நம்மளப் போலீசுன்னு நெனச்சுக்குவாங்க. நான் சொல்றேன் விடுங்க." அவன் நிமிர்ந்தான். "ரெண்டு விஸ்கி, ஒரு மட்டன் சுக்கா."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா சுக்காவா?"

"நீங்க திங்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆலங்குடியில் முத்துராமனுக்குத் தொழில் முந்திரி வியாபாரம். பேர் வாங்கித் தந்தது வேறு. மாப்பிள்ளை விசாரிப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. யார் வீட்டுக்கு வரன் வந்தாலும், "நீங்க ஒரு எட்டு போயி விசாரிச்சுட்டு வந்துருங்க" என்று அவரிடம்தான் வருவார்கள். மாப்பிள்ளை ஊர் டீக்கடையில் அரை மணி, முடிவெட்டும் கடையில் அரை மணி, அவ்வளவுதான். குடிக்கிறவனும் சீட்டாடுகிறவனும் அவரிடம் தப்பியதே இல்லை. தான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்பதை மீசையைத் தடவிக்கொண்டே சொல்லுவார்.

இப்போது அவருடைய மகள் இளமதிக்கே வரன். மாப்பிள்ளை வெற்றிசெல்வன், சொந்த ஊர் பொன்னமராவதி, புதுக்கோட்டையில் பேங்க் வேலை. விசாரித்துவிட்டு, "சொக்கத் தங்கம்" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நாளை மறுநாள் நிச்சயதார்த்தம். அந்த நேரம் பார்த்து முந்திரி மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர், "ஒங்க மாப்ள வெள்ளிக்கெழமையானா புதுக்கோட்டையில ஓட்டல் மாடி பாருக்குள்ள போறாருண்ணே" என்று போட்டுவிட்டுப் போனான்.

நிஜம் என்றால் மகள் கல்யாணம் நிற்கும். இத்தனை வருசமாகச் சேர்த்த பேரும் கூடவே போகும். வீட்டில் வேறு ஒருவரிடமும் மூச்சு விடாமல் முத்துராமன் வெள்ளைச்சாமியோடு பஸ் ஏறிவிட்டார்.

இடம் அவர் நினைத்த மாதிரி இல்லை. ஏசி, மங்கலான விளக்கு, மெத்து மெத்தென்று நாற்காலி. பொரித்த மீன் வாசம். குடிப்பவர்கள் யாரும் கத்தவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

விஸ்கி வந்தது. முத்துராமன் டம்ளரைத் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

சவரியப்பன் திரும்பி வந்தார். "என்ன சார், தொடவே இல்ல. பிடிக்கலையா? மாத்தித் தரட்டா?"

"இல்லைங்க, ஆறட்டும்னு வச்சிருக்கேன்."

"ஐஸ் போட்டது சார்."

"அதான், ஐஸ் ஆறட்டும்."

அவர் நகர்ந்ததும் முத்துராமன் பல்லைக் கடித்தார். "டேய் வெள்ளை, இத எங்கிட்டாச்சும் ஊத்து."

"ஊத்துறதா? பாவம் மச்சான்." வெள்ளைச்சாமி ஒரே மடக்கில் முடித்தான்.

காலி டம்ளரைப் பார்த்ததும் சவரியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்காமலேயே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் வெள்ளைச்சாமி வீணாக்கவில்லை. மூன்றாவது வந்து நின்றபோதுதான் வெற்றிசெல்வன் உள்ளே வந்தான். இரண்டு மேசை தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவன் முன்னால் பொன் நிறத்தில் ஒரு டம்ளர் வந்தது.

முத்துராமன் வெள்ளைச்சாமியின் தொடையைக் கிள்ளினார். "போச்சுடா. சொக்கத் தங்கம்னு ஊரெல்லாம் சொன்னேனே."

"தங்கக் கலருதான மச்சான் இருக்கு," என்றான் வெள்ளைச்சாமி. அவனுக்கு நாக்கு குழறத் தொடங்கியிருந்தது. "நல்ல பையன் மச்சான். தனியா ஒக்காந்திருக்கான். நான் போயி கம்பெனி குடுக்கட்டா?"

"ஒக்காருடா."

"மாப்ளே," என்று வெள்ளைச்சாமி பாசம் பொங்கக் கூப்பிட்டுவிட்டான்.

வெற்றிசெல்வன் திரும்பினான். முத்துராமன் கைக்கு அகப்பட்ட டம்ளரை எடுத்து முகத்துக்கு நேராகத் தூக்கி மறைத்துக்கொண்டார். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். டம்ளரை இறக்கினால் முகம் தெரியும். தூக்கியே வைத்திருந்தால், குடிக்காமல் எப்படி? ஒரு வாய் இறங்கியது. அவன் எழுந்து வந்தான். இன்னொரு வாய். இவர்கள் மேசைப் பக்கம் அவன் வந்து நின்றபோது டம்ளர் காலி. கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் முத்துராமன் முகம் முழுசாகத் தெரிந்தது.

"மாமா, நீங்களா?"

"வாங்க மாப்ளே," என்றார் முத்துராமன். தொண்டை எரிந்தது. கண்ணில் தண்ணீர். "நான் குடிக்க மாட்டேன். ஒங்கள விசாரிக்கத்தான் வந்தேன்."

வெற்றிசெல்வன் மேசையிலிருந்த காலி டம்ளர்களைப் பார்த்தான்.

"அதெல்லாம் நாந்தான்," என்று வெள்ளைச்சாமி பெருமையாகச் சொன்னான். "கடைசி ஒண்ணு மட்டும் மச்சான்."

முத்துராமன் மிச்சமிருந்த கெத்தைத் திரட்டினார். "என்னய விடுங்க. நீங்க வாராவாரம் இங்க என்ன குடிக்கிறீங்க?"

வெற்றிசெல்வன் தன் டம்ளரை எடுத்துவந்து நீட்டினான். முத்துராமன் முகர்ந்தார். ஆப்பிள் ஜூஸ்.

"காடை வறுவலுக்காக வாரேன் மாமா. எங்க வீட்டுல வெள்ளிக்கெழம கவுச்சி ஆகாது. கீழ ஒக்காந்து சாப்பிட்டா யாராச்சும் பாத்து எங்கம்மாகிட்ட சொல்லிருவாங்க. இங்க வாரவங்க, இங்க பாத்தத வெளிய சொல்ல மாட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

முத்துராமனுக்கு நெஞ்சு விம்மியது. தங்கம்தான். அவர் கணக்கு தப்பவில்லை.

"நீங்களும் இளமதிகிட்ட சொல்லிராதீங்க மாப்ளே. அவளுக்குத் தெரிஞ்சா வீட்டுப்படி ஏற முடியாது."

"சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா."

அதோடு விட்டிருக்கலாம். சந்தோசத்தில், உள்ளே போன விஸ்கி வேறு வேலை காட்ட, முத்துராமன் மீசையைத் தடவிக்கொண்டு சவரியப்பனைக் கூப்பிட்டார்.

"இவரு எம் மாப்ள, தெரிஞ்சுக்கங்க. கூட்டிப் பாத்தாலும் கழிச்சுப் பாத்தாலும், எங்க வீட்டு ஆளுக மாதிரி விசாரிக்க இந்த ஜில்லாவுல ஆளு கெடையாது."

"நெசந்தான் சார்," என்றார் சவரியப்பன். "இந்தத் தம்பி குடிக்கிறாரான்னு பாத்துச் சொல்லச் சொல்லி, போன வாரமே ஒங்க பொண்ணு இளமதி கீழ வந்து போன் நம்பர் குடுத்துட்டுப் போச்சு. நீங்க மாமா மாப்ளேன்னு பேசிக்கிட்டதக் கேட்டுட்டு, மாப்ள பாசு, மாமனாருதான் பெயிலுன்னு போட்டோவோட இப்பத்தான் அனுப்பிவிட்டேன்."