சாமிக்கு விட்ட முடி

மீன் சரியாகத்தான் இருந்தது. செதில்தான் ஒட்டவில்லை.

இக்னேஷியஸ் வெள்ளைத் தாளில் ஆளுக்கொரு பெரிய மீன் வரைந்து கொடுத்திருந்தார். பிள்ளைகள் கலர் காகிதத்தைப் பிஞ்சு விரலால் சின்னச் சின்னதாகக் கிழிக்க வேண்டும். மீன்மேல் பசை தடவி, கிழித்ததை ஒட்ட வேண்டும். ஒட்டினால் செதில். இதுதான் இன்றைய கைவேலை என்று மனைவி கெர்ட்ரூட் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கிழிக்கிற பாகம் அமோகமாக நடந்தது. கலர் காகிதம் தீர்ந்ததும் பிரவின் மீனையே கிழித்தான். ஒட்டுகிற பாகத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. மைதா மாவில் தண்ணீர் விட்டு அடுப்பில் காய்ச்ச வேண்டும் என்று கெர்ட்ரூட் சொன்னதை இக்னேஷியஸ் காதில் வாங்கவில்லை. குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டார். அது பசையாகவும் இல்லை, தோசை மாவாகவும் இல்லை. செதில்கள் ஒவ்வொன்றாக வழுக்கித் தரைக்கு வந்தன.

"தாத்தா, மீனு அழுவுது" என்றாள் ஷினி.

"அழல, குளிக்குது" என்றார் இக்னேஷியஸ் அசராமல்.

அசருகிற ஆள் இல்லை அவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் நடையில் அந்த இன்ஜின் திமிர் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டு ஹாலில் கெர்ட்ரூட் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஆயா வேலை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். கைவேலை, பாட்டு, கதை என்று முறையாக நடத்துகிறாள். இன்றைக்குக் கிள்ளானில் அவள் தங்கை சாண்ட்ராவுக்குக் கண் ஆபரேஷன். பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தபோது இக்னேஷியஸ்தான் மார்தட்டினார்.

"சிங்கப்பூர் வரைக்கும் ஒரு ரயில் நெறைய ஜனத்தக் கொண்டுபோய் எறக்குனவன்டி நான். மூணு பொடிசுங்களப் பாக்கத் தெரியாதா?"

"ரயில் தண்டவாளத்துல போவுங்க. இதுங்க போவாது" என்று சொல்லிவிட்டு அவள் லிப்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது இக்னேஷியஸ் கொஞ்சம் யோசித்தார். பசை ஒட்டவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? ஒட்டுகிற பசையைக் கொண்டுவர வேண்டும். கருவிப் பெட்டியில், நாற்காலிக் கால் உடைந்தபோது வாங்கிய மரப் பசை பாதி டின் இருந்தது. வெள்ளை வெளேரென்று, பாலாடை மாதிரி. ஆளுக்கு ஒரு சொட்டு வைத்தார்.

பிரமாதமாக ஒட்டியது. மீனில் ஒட்டியது, மேசையில் ஒட்டியது, பிரவினின் முழங்கையில் ஒட்டியது. ஷினி ஒரு சிவப்புச் செதிலை நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடினாள். கிஷன்தான் மூவரிலும் சாது. இரண்டரை வயது. எதைக் கொடுத்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே ஆராய்ச்சி பண்ணுகிற பிள்ளை. அவன் மீனைத் தொடவே இல்லை. ஒரு நீலக் காகிதத்தைத் தன் பின்னந்தலையில் ஒட்டிக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தான்.

இக்னேஷியஸ் கையிலிருந்த பசை டின்னைக் கீழே வைத்தார். பிரவின் தலை என்றாலும் பரவாயில்லை. கிஷன் தலை சாதாரணத் தலை அல்ல. கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, பத்துமலை முருகனிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை அவன். பிறந்ததிலிருந்து அந்தத் தலையில் கத்தரி பட்டதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பத்துமலையில் மொட்டை. மண்டபம், சாப்பாடு, ரவாங்கிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு வேன் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அவன் அம்மா விஷ்ணுப்ரியா தினமும் வந்து, "ஆன்டி, முடிய இழுத்துடாம பாத்துக்குங்க, அது சாமிக்கு விட்டது" என்று சொல்லாமல் போகமாட்டாள்.

"கிஷன் கண்ணு, தாத்தாகிட்ட வா."

பிள்ளை வந்தான். இக்னேஷியஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நீலக் காகிதத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார்.

காகிதம் வந்தது. கூடவே ஒரு முழுச் சுருள் முடியும் வந்தது.

பிள்ளை அழக்கூட இல்லை. இக்னேஷியஸ்தான் அழாத குறை. கையில் கறுகறுவென்று ஒரு சுருள். கிஷனின் பின்னந்தலையில் வெள்ளிக்காசு அகலத்துக்கு ஒரு மொட்டைத் திட்டு.

"தாத்தா, முடி கிழிச்சிட்டாரு!" என்று பிரவின் கைதட்டினான்.

"கிழிக்கல. கழட்டிருக்கேன். திரும்ப மாட்டிடுவேன்."

சொன்னது வீம்புக்கு இல்லை; அப்படித்தான் நம்பினார். இன்ஜினில் கழன்ற எதையும் திரும்ப மாட்டாமல் அவர் ஸ்டேஷனுக்குப் போனதில்லை. முதலில் மாதாவிடம் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு, சம்பந்தப்பட்டவர் என்ற முறையில், முருகனுக்கும் மரியாதையாக ஒரு விண்ணப்பம் போட்டார். மரப் பசையைப் பிள்ளையின் தோலில் வைக்க மனம் வரவில்லை. தன் மைதாக் கரைசலையே கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, திட்டின்மேல் தடவி, சுருளை வைத்து அழுத்தினார். தள்ளி நின்று பார்த்தார். அச்சு அசல்.

சுருள் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நகரத் தொடங்கியது. மைதாவோடு சேர்ந்து கழுத்தில் வழுக்கி, சட்டைக்குள் போய்விட்டது.

"பூச்சி!" என்று கிஷன் அலறினான். சாதுப் பிள்ளை அலறினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "பூச்சி, பூச்சி!" என்று மூவரும் ஹாலைச் சுற்றி ஓடினார்கள். இக்னேஷியஸ் பின்னால் ஓடினார். மைதா தரையில் அவர் வழுக்கியபோது பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் ஒரு லாபம்: அலறல் நின்றது. கிஷனின் சட்டையைக் கழற்றி, சுருளை மீட்டு, கழுவி, டிஷ்யூவில் சுற்றித் தன் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கிள்ளானிலிருந்து போன்.

"என்னங்க, எல்லாம் சரியா இருக்கா?"

"டிப்டாப். சாண்ட்ராவுக்கு எப்படி?"

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஏன் உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"பிள்ளைங்களோட ஆட்டம் போடுறேன்லா!"

"மீன் படத்த குரூப்ல போடுங்க. அம்மாமாருங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

மீனா? பிரவினுடையது கந்தல். ஷினியுடையது மேசையோடு மேசையாகிவிட்டது. ஆனால் படம் போட வேண்டும் என்றதும் இக்னேஷியஸுக்கு வேறொரு யோசனை உதித்தது. தலையை மறைக்க வேண்டும். கைவேலையும் காட்ட வேண்டும். கிரீடம்! ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அட்டை வேண்டும். அலமாரி மேலே, உத்தரவாதத்துக்காக கெர்ட்ரூட் பத்திரமாக வைத்திருந்த புது ஏர் ஃபிரையர் பெட்டி கண்ணில் பட்டது. 'மன்னிச்சிக்க கெர்ட்டி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெட்டினார். கிஷனுக்குப் பின்பக்கம் நன்றாக இறங்கி, கழுத்துவரை மூடுகிற மாதிரி ஒரு கிரீடம். அவனுக்கு மட்டும் போட்டால் சந்தேகம் வரும். மற்ற இருவருக்கும் அதே மாதிரி. பிள்ளைகள் உண்மையிலேயே உட்கார்ந்து அதில் கலர் காகிதம் ஒட்டினார்கள். காலையிலிருந்து உருப்படியாக நடந்த கைவேலை அது ஒன்றுதான். மூன்று ராஜாக்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து குரூப்பில் போட்டார்.

இதயங்கள் பறந்தன. இக்னேஷியஸ் மீசையைத் தடவிக்கொண்டார். தேநீர் போடலாம் என்று எழுந்தபோது தனியாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. விஷ்ணுப்ரியா.

"அங்கிள், சூப்பர்! கிரீடத்த எடுத்துட்டு, பின்னாலேர்ந்து தலைய மட்டும் ஒரு படம் அனுப்புறீங்களா? ஞாயித்துக்கிழமை எடுத்துடுவாங்க. அந்தச் சுருள அப்புறம் பாக்க முடியாது. நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது அங்கிள்."

இக்னேஷியஸுக்கும் நெஞ்சுக்குள் என்னமோ பண்ணியது.

அவர் பார்வை மெதுவாகப் பிரவின்மேல் போய் நின்றது. பிரவினுக்கும் சுருட்டை முடி. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளையும் பிள்ளைதானே? கிஷனின் டைனோசர் சட்டையைத் துடைத்துப் பிரவினுக்கு மாட்டினார். பிரவின் அசையாமல் இருப்பதற்கு இரண்டு பிஸ்கட் கேட்டான், கொடுத்தார். படம் பளிச்சென்று வந்தது. அனுப்பினார்.

பதில் உடனே வந்தது.

"அங்கிள், இவன் கழுத்து மச்சம் எங்க?"

இக்னேஷியஸ் ஓடிப்போய்க் கிஷனின் கிரீடத்தைத் தூக்கிப் பார்த்தார். ஆமாம், கழுத்தில் மிளகு மாதிரி ஒரு மச்சம். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. வாழ்நாளெல்லாம் சிக்னல் பார்த்த கண்ணுக்கு இது தப்பிவிட்டதே! ஆனாலும் பதில் சொல்லத் தயங்கினால் சந்தேகம் பெருகும். தட்டினார்.

"கைவேலை செஞ்சப்போ பெயின்ட் பட்டுடுச்சும்மா. நல்லா தேச்சுக் கழுவிட்டேன்."

போனைக் கீழே வைத்தார். பிழைத்தோம் என்று நினைத்தார். போன் அடித்தது.

"அங்கிள், மச்சம் எப்படிக் கழுவுனா போவும்?"

"அது... நல்ல சோப்பும்மா."

"அங்கிள், என் பிள்ளை அங்கதான இருக்கான்?" அவள் குரல் உடைந்துவிட்டது. "பேங்க்ல ஆடிட், என்னால வர முடியாது. அவரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வீட்லதான் இருக்காரு. இப்பவே அனுப்புறேன்."

அப்போதுதான் இக்னேஷியஸுக்கு உறைத்தது. ஒரு முடியை மறைக்கப் போய், ஒரு தாயைப் பிள்ளையைக் காணோம் என்று பதற வைத்துவிட்டார். இது விளையாட்டில்லை. ரயில் ஓட்டியபோதுகூட அவர் ஒரு விதி வைத்திருந்தார்: தப்பு நடந்தால் வண்டியை நிறுத்து, இறங்கு, சொல்லு. இன்றைக்கு அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

"பிள்ளை பத்திரமா என் மடியிலதான் இருக்கான்மா. சத்தியமா சொல்றேன். பேசு." போனைக் கிஷன் காதில் வைத்தார்.

"ம்மா, நா ராஜா" என்றான் கிஷன்.

அந்தப் பக்கம் விம்மல் கொஞ்சம் அடங்கியது. "சரி அங்கிள். இருந்தாலும் அவரு வந்து பாக்கட்டும்."

சட்டைகளை அவரவருக்கு மாற்றிவிட்டார். முகம் கழுவி, தலை சீவி, சட்டையைப் பேன்டுக்குள் விட்டுக்கொண்டார். மூன்று ராஜாக்களின் முன்னால் வாசலைப் பார்த்து நின்று, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். 'தம்பி, தப்பு என்னோடது. மரப் பசை என்னோடது. படத்த மாத்தி அனுப்புனதும் நான்தான். கெர்ட்ரூடுக்கு இதுல சம்பந்தமில்ல. அடிக்கணும்னா அடிங்க, பிள்ளைங்க முன்னால மட்டும் வேணாம்.' சொல்லிப் பார்த்தபோது குரல் நன்றாகத்தான் வந்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அழைப்பு மணி அடித்தது. கிஷனின் அப்பா விமலன். தூங்கி எழுந்த கண், ஒரு காலில் ஒரு செருப்பு, மறுகாலில் வேறு செருப்பு. நல்ல உயரம், ரவாங் தொழிற்சாலையில் இரும்புத் தகடு தூக்குகிற கை.

"அங்கிள், கிஷன் எங்க?"

"இருக்கான் தம்பி. உட்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும். தப்பு..."

விமலன் உட்காரவில்லை. நேராகப் பிள்ளையிடம் போய் மண்டியிட்டான். கிரீடத்தைக் கொஞ்சம் தூக்கிக் கழுத்தைப் பார்த்தான், மச்சம் இருந்தது. பிறகு அதை மெல்ல இன்னும் மேலே தூக்கினான். இக்னேஷியஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது விமலன் அந்த வெள்ளிக்காசுத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் இரத்தமில்லை. அவன் கையிலிருந்த போன் அலறியது. எடுத்தான்.

"ஆமா விஷ்ணு, பாத்துட்டேன். நம்ம பிள்ளைதான். மச்சம் இருக்கு. முடியா? முடியெல்லாம் அப்படியே இருக்கு. அங்கிளுக்கு வயசாச்சு, படம் மாத்தி அனுப்பிட்டாரு. நீ ஆடிட்டப் பாரு."

வைத்துவிட்டான். இக்னேஷியஸ் ஒத்திகையை விட்டுவிட்டார். சட்டைப் பையிலிருந்த டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, அந்தச் சுருளை மட்டும் நீட்டினார்.

விமலன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். இரண்டு கையாலும் சுருளை வாங்கிக்கொண்டு, அவர் காதருகே குனிந்து கேட்டான்:

"காலையில நான் ஒட்டி அனுப்புனது... இங்கயும் விழுந்துடுச்சா அங்கிள்?"