மேற்படி சட்டை வெட்டப்பட்டது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மனைவியின் அண்ணன் மகள், அதாவது தங்கள் புகாரில் ‘அனுபவமற்ற மேற்படி பெண்’ என்று குறிப்பிடப்பட்டவள், பணிவன்புடன் எழுதும் மன்னிப்புக் கடிதம். நான் நலம். தாங்கள் நலமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நலமில்லாத எவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சூட்டோடு, பத்தி பிரித்து, எண் போட்டு, ‘நகல்: மேலதிகாரிக்கும், அவருக்கும் மேலதிகாரிக்கும்’ என்று அடியில் எழுதிப் புகார் அனுப்ப முடியாது. அத்தைக்கு என் அன்பு. இந்தக் கடிதத்தை அத்தை கண்ணில் படாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

எனக்கு ஆம்புலன்ஸ் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. அறிந்துதான் எழுதினீர்கள் என்று அம்மா சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், நினைப்பதோடு சரி. இந்த மாதக் கடைசியில் என்னை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். புகார் நிலுவையில் இருந்தால் வீடுதான். “கால்ல விழறியோ, கையில விழறியோ, மன்னிப்பு எழுதிக் குடுத்து அவரை வாபஸ் வாங்க வை” என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆகவே விழுகிறேன். ஆனால் சட்டையை ஏன் வெட்டினேன் என்று சொல்லிவிட்டுத்தான் விழுவேன். அதற்கு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள்தான் அன்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, “நம்ம வீட்டுப் பொண்ணு சங்கு ஊதற வண்டியில வேலைக்குப் போயிருக்கு” என்று வாழ்த்துச் செய்தி பரப்பினவர். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. சொன்னவர்களுக்கு என்றைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது?

முதல் நாள், முதல் அழைப்பு. புருஷனுக்கு மூச்சு நின்றுவிட்டது என்று ஒரு அம்மாள் அழுதுகொண்டே போன் செய்திருக்கிறாள். எங்கள் டிரைவர் அண்ணன் சந்து பொந்தெல்லாம் புகுந்து வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த, நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கதவைத் தட்டினால், கதவைத் திறந்ததே அந்தப் புருஷன்தான். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று என்னிடம் கேட்கிறார். விசாரித்தால், கல்யாணமான நாளிலிருந்து குறட்டை விடுகிற மனிதர், அன்று மத்தியானம் என்னவோ புரண்டு படுத்ததில் குறட்டை நின்றிருக்கிறது. அந்த அமைதி தாங்காமல் அந்த அம்மாள் எங்களைக் கூப்பிட்டுவிட்டாள். மூக்கில் கை வைத்துப் பார்க்க ஏழாம் அறிவா வேண்டும்? வந்ததற்கு ரத்த அழுத்தமாவது பார்க்கிறேன் என்று பார்த்தேன். அவருக்குச் சரியாக இருந்தது. எனக்குத்தான் எகிறியிருக்கும்.

அடுத்தது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல்மாடியில் ஒரு அம்மாளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, லிஃப்ட் வேலை செய்யவில்லை. தலை வாரி, பவுடர் போட்டு, நல்ல புடவை மாற்றினால்தான் ஸ்ட்ரெச்சரில் ஏறுவேன் என்றாள். ஏறிய பிறகு ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிறது, ஒவ்வொரு கதவிலும் ஒருத்தி “என்னாச்சு?” என்கிறாள், உடனே ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவள் கையைக் காட்டி எங்களை நிறுத்தி, குளியலறையில் சோப்பு வழுக்கிய கதையை முதலிலிருந்து சொல்கிறாள். மேல்மாடியில் சோப்பு வழுக்கியது, நடுமாடியில் தலை சுற்றியது, கீழ்மாடிக்கு வருவதற்குள் நாத்தனார் தண்ணீர் கொட்டி வைத்தது என்று ஆகிவிட்டது. தூக்கிக்கொண்டு நிற்கிற எங்கள் இடுப்பு என்ன கதி என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

இதாவது பரவாயில்லை. ஒரு வீட்டில் கை வெட்டுப்பட்டு ரத்தம் என்று அழைப்பு. உள்ளே போனால் ஒரு பெண் தரையில் மயங்கிக் கிடக்கிறாள், சுற்றிலும் சொந்தபந்தம் அழுகிறது, சேலையெல்லாம் ரத்தம். தூக்கினோம், ஏற்றினோம், கூடவே அந்தக் குடும்பம் மொத்தமும் ஏறிக்கொண்டது, சைரன் போட்டுக் கிளம்பினோம். பாதி வழியில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து, “தங்கச்சி எங்கே?” என்றாள். கை வெட்டுப்பட்டது தங்கச்சிக்கு, மாமா. இவள் அந்த ரத்தத்தைப் பார்த்து மயங்கினவள். திரும்பிப் போனோம். தங்கச்சி கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு, கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். “என்னை விட்டுட்டு எல்லாரும் எங்க போனீங்க?” என்று கேட்டாள். அந்தக் குடும்பத்தில் ஒரு ஆளாவது வாயைத் திறந்து இது நோயாளி இல்லை என்று சொன்னதா? வண்டியில் ஜன்னல் ஓரம் இடம் பிடிப்பதில்தான் அத்தனை பேருக்கும் குறி. சூப்பர்வைசர் அன்று என்னைக் கூப்பிட்டு, ஏற்றுவதற்கு முன்னால் காயம் எங்கே என்று பார்ப்பது நல்ல பழக்கம் என்றார்.

இப்போது சட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பேக்கரிக்காரர் மூச்சுத் திணறிக் கடையிலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சில் துடிப்புப் பார்க்கும் கருவியை ஒட்ட வேண்டும். நான் வளர்ந்த வளர்ப்பு அப்படி, மரியாதையாக ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினேன். ஒன்று அறுந்து உருண்டு மேஜைக்கு அடியில் போனது. அதைக் குனிந்து தேடினேன். “இங்க பொத்தான் பொறுக்கவா வந்தோம்?” என்றார் டிரைவர் அண்ணன். அந்த ஆள் பிழைத்துக்கொண்டார், என் மானம்தான் போனது. திரும்பி வரும்போது அண்ணன் ஒரு தடித்த கத்தரிக்கோலை என் இடுப்பில் செருகி, “சட்டையைத் தைக்க ஆள் இருக்கு, ஆளைத் தைக்க ஆள் இல்லே” என்றார். ஆளைத் தைக்கவும் டாக்டர் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். இனி எந்தச் சட்டையிலும் பொத்தான் இருப்பதையே பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு அடுத்த அழைப்புதான், மாமா, உங்கள் பணிநிறைவு விழா.

தங்கள் புகாரின் முதல் பத்தியில், ‘பாராட்டுரைகளின் நீளம் காரணமாகச் சற்றே கண்ணயர்ந்திருந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பத்தியில், ‘மேற்படி பெண் சபை நடுவே எனது புதிய சட்டையைக் கழுத்து முதல் இடுப்பு வரை வெட்டினாள், சட்டையில் பொத்தான்கள் முழுமையாக இருந்தன’ என்று. மூன்றாம் பத்தியில், ‘நெஞ்சின் மீது ஏறி அமர்ந்ததால் விலாவில் வலி’ என்று. நான் ஏறி அமரவில்லை, முழங்கால் போட்டு அமுக்கினேன். இந்த வித்தியாசத்தை நிரந்தரம் ஆகாத நானே கற்றுக்கொண்டேன், இத்தனை காலம் குடிநீர் அலுவலகத்தை நிர்வகித்த உங்களுக்குத் தெரியாதா?

நீங்கள் தூங்கினதாக எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு, எடுத்துவிட்டார்கள், நடுவில் கொஞ்சம் அசந்துவிட்டீர்கள், அவ்வளவுதான் என்று. அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவர்கிட்ட சொல்லிடாதே. ஒரு தடவை நின்னுச்சுன்னு தெரிஞ்சா, அந்தப் பயத்துலயே மறுபடி நின்னுடும்” என்று அழுதாள். நான் சத்தியம் செய்தேன். உங்கள் அலுவலகத்தார் அத்தனை பேரிடமும் அதே சத்தியம் வாங்கினாள். அதனால்தான் இத்தனை நாள் நான் வாயைத் திறக்கவில்லை, அதனால்தான் சூப்பர்வைசர் கேட்டபோதும் சொந்தக்காரர், சரியாகிவிடும் என்று மழுப்பினேன். அதற்கு நீங்கள் கொடுத்த பரிசு, இருந்த வேலைக்கும் வேட்டு.

இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். கோபம் ஆறவில்லை. சத்தியம் சர்க்கரைப் பொங்கல் என்பார்களே, பிறகு என்னை ஏன் உறுத்துகிறது என்றும் யோசித்துப் பார்த்தேன். உறுத்தத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மாமா, நீங்கள் தூங்கவில்லை. செத்துப்போயிருந்தீர்கள்.

நாங்கள் அந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேடையில் நீங்கள் விழுந்து கிடந்தீர்கள். பதிலுரைக்கு எழுந்தவர் அப்படியே சரிந்ததைப் பார்த்து, பாராட்டில் நெகிழ்ந்துவிட்டீர்கள் என்று கீழே இருந்தவர்கள் கை தட்டினார்களாம். ஒருவர் உங்கள் முகத்தில் சோடா அடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் உங்கள் பாராட்டு மடலாலேயே உங்களுக்கு விசிறிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் போனில் படம் எடுத்தார்கள், மீதிப் பேர் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், தாங்களும் படம் எடுக்க. இவ்வளவு படித்த கூட்டத்தில் ஒரு ஆள் உங்கள் நெஞ்சில் கை வைக்கவில்லை. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் குனிந்தபோதுதான் அது நீங்கள் என்று பார்த்தேன்.

பயமாக இருந்தது. பின்னால் பிடித்திருக்கிறேன் என்று பொய் சொல்லி எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்து, பாதியில் கையை விட்டவர் நீங்கள். நானும் கையை விட்டுவிடுவேனோ என்று பயந்தேன். மூச்சு இல்லை. நாடி இல்லை. டிரைவர் அண்ணன் “வெட்டு” என்றார். வெட்டினேன். அமுக்கினேன். விலா நெரிந்தது என் உள்ளங்கையிலேயே தெரிந்தது, அதற்கும் நிறுத்தவில்லை. ஷாக் கொடுக்கிற இயந்திரம் ‘விலகி நில்லுங்கள்’ என்று பேசியபோது உங்கள் தலைமை எழுத்தர் அதைப் பார்த்துக் கை கட்டி, “எங்க நிக்கணும்?” என்று கேட்டார். உங்களிடம் வேலை பார்த்த பழக்கம். ஷாக் கொடுத்தோம். மறுபடி அமுக்கினேன். அண்ணன் சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தார், எண்ணிக்கை எனக்குக் காதில் விழவில்லை. பிறகு நீங்கள் இருமினீர்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தீர்கள். செத்துத் திரும்பிய மனிதர் முதலில் என்ன கேட்பார்? பெண்டாட்டியைக் கேட்பார், பிள்ளையைக் கேட்பார், தண்ணீராவது கேட்பார். நீங்கள் கேட்டது, “சட்டையை யாரு வெட்டினது?”

நான்தான் மாமா என்றேன். “பொத்தான் இருக்கே, கழட்டத் தெரியாதா?” என்றீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உங்கள் புகார் வந்தபோது தெரிந்தது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள், சாவே வந்து நிமிர்த்திப் பார்த்தும் முடியவில்லை.

ஆகவே, சட்டையை வெட்டியதற்கு நான் வருந்துகிறேன். தாங்கள் பெருந்தன்மையுடன் புகாரை வாபஸ் வாங்கி ஒரு சிறு பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்ற வேண்டும். மாத்திரைகளை நேரத்துக்குப் போடவும். மாடிப்படி ஏற வேண்டாம், உப்பைக் குறைக்கவும், யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம். அத்தையும் நீங்களும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டாவது, மனதார வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
மேற்படி பெண்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது டிரைவர் அண்ணன் வந்து, “உன் சட்டைக்காரர் வந்திருக்கார்” என்றார். நீங்கள் வண்டியின் பின்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். பேசினது உங்களுக்கே தெரியும். ஆனாலும் மேலே இருப்பதை இது இல்லாமல் நீங்கள் படிக்கக் கூடாது என்பதால் எழுதிச் சேர்க்கிறேன்.

“உண்மையச் சொல்லு. நான் செத்துட்டேன்தானே?” என்று கேட்டீர்கள். நான் அத்தைக்குச் செய்த சத்தியத்தை நினைத்து, இடுப்பில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். “தலைமை எழுத்தர் பார்க்க வந்து அழுதான். நான் தூங்கினதுக்கு அவன் ஏன் அழறான்?” என்றீர்கள். தெரிந்துகொண்டே ஏன் புகார் எழுதினீர்கள் என்று கத்தினேன். ஆம்புலன்ஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்க அத்தை தூங்கலேம்மா. ராத்திரியெல்லாம் என் மூக்குக்கிட்ட கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. சட்டைக்காக நான் கத்தின அன்னிக்குத்தான், பழைய ஆளா ஆயிட்டார்னு படுத்துத் தூங்கினா. மறுநாளும் கத்தினேன். கத்தறதுக்கு விஷயம் தீர்ந்துபோச்சு. அதான் எழுதினேன்.” என் வேலை நிலவரம் உங்களுக்குத் தெரியாதாம். புகார் எழுதினால் பதில்தான் வரும், வேலை போகாது என்று உங்கள் அலுவலக அனுபவத்தில் நினைத்தீர்களாம். சூப்பர்வைசரைப் பார்த்து வாபஸ் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு, “அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் எனக்கு முழுசாச் சொல்லலே. எழுதி வச்சிருக்கியாமே, குடு” என்று கை நீட்டினீர்கள்.

நீங்கள் வெளியே அண்ணனோடு டீ குடிக்கிறீர்கள், நான் உள்ளே இதை எழுதுகிறேன். மேலே உள்ளதைத் தனியாகப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். நாய் வால் என்று எழுதிய வரியை நான் அடிக்கவில்லை, அது இருக்கட்டும். குறட்டை நின்றதற்குப் போன் செய்த அந்த அம்மாளைக் கேலி செய்ததை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதில் இரண்டே வரிதான்: ‘தூங்கிக்கொண்டிருந்த தங்கள் சட்டையை அவசரப்பட்டு வெட்டியது என் தவறு. பொத்தான் இருந்ததை நான் பார்க்கவில்லை.’ அதை அத்தையின் முன்னால் சத்தமாகப் படியுங்கள். படித்து முடித்து, பொத்தான் கழற்றத் தெரியாதவளுக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான் என்று வீடு அதிர ஒரு கத்து கத்துங்கள். அத்தை இன்னும் சில நாள் தூங்கட்டும்.