அக்-ஜர் சாலை அப்பழுக்கற்றதான வரலாறு

“எம் பையன் இன்னும் போய்ச் சேரல. அதுக்குள்ள அவன் போன வழியைப் பெருக்கப் பார்க்கிறீங்க. உங்களையும் மாப்பிள்ளைன்னு வீட்டுல வெச்சு ரொட்டி போடறேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

“அத்தை, நான் வீட்டைப் பெருக்கல. ரோட்டைப் பெருக்குறேன். இது அரசாங்க ரோடு.”

“அரசாங்கமா அவனைப் பெத்துது?”

மெதெரின் கையில் கம்பெனி கொடுத்த விளக்கப் புத்தகம் இருந்தது. இயந்திரத்தின் முன்னால் கல் கிடந்தால் என்ன செய்வது, நாய் படுத்திருந்தால் என்ன செய்வது என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். நடுச்சாலையில் முக்காலி போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் படம் இல்லை. நூரிபா அசையவில்லை. பின்னால் லாரிகள் ஒலியெழுப்பின. அதையும் அவள் தனக்குக் கிடைத்த ஆதரவாகவே எடுத்துக்கொண்டாள்.

மனிதகுல வரலாறு மொத்தத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம்: சாலை பெருக்கும் இயந்திரம் வருவதற்கு முந்தைய இருண்ட காலம், வந்ததற்குப் பிந்தைய ஒளிமயமான காலம். இதை நாங்கள் சொல்லவில்லை. ‘எல்லைகடந்த நெடுஞ்சாலைத் தூய்மைக் குழு’வின் தலைவர் இசாபெக் அவர்கள், இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டிய அன்று சொன்னார். எங்கள் தலாஸ் பக்கத்து உருளைக்கிழங்கை எல்லைக்கு அப்பால் கஜகஸ்தானுக்குக் கொண்டுபோகும் சாலை அது. எங்கள் அக்-ஜர்தான் எல்லைக்கு முந்தைய கடைசி ஊர். அதனால் ஒளி முதலில் எங்கள் மேல் விழுந்தது.

இயந்திரம் ஆரஞ்சு நிறம். முன்னால் இரண்டு வட்டத் துடைப்பங்கள், வயிற்றில் தண்ணீர்த் தொட்டி, பின்னால் குப்பையை உறிஞ்சும் குழாய். தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள ஒரு கம்பெனி அதை ‘மாதிரிக்காக’ அனுப்பியிருந்தது. குழுவுக்குப் பிடித்துப்போனால் சாலை நெடுக ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் ஒரு பெருக்கும் வண்டி, ஒரு சக்கரம் கழுவும் தொட்டி, ஒரு தண்ணீர் பீச்சும் குழாய் என்று ஆர்டர் வரும். அந்த ஆர்டரை வாங்கித் தர வேண்டிய முகவர்தான் மெதெர்.

மெதெருக்கு அந்த ஆர்டர் எவ்வளவு அவசியம் என்று ஊருக்கே தெரியும். முன்பு அவன் கம்பளம் கழுவும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தான். பனி விழுந்ததும் கம்பளத்தை வெளியே எடுத்துப் போட்டு, அதன் மேல் பனியை வாரி இறைத்து, நாலு சாத்து சாத்தினால் புதுசாகிவிடும் நாட்டில், யார் அதை வாங்குவார்கள்? வியாபாரம் படுத்தது. மெதெர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி கானிமெத்தின் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கேவலம் இல்லை. நூரிபா அவன் தட்டில் கறித்துண்டு வைக்கும்போதெல்லாம், எந்தத் துண்டு வைக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கவனித்தார்கள். நாங்களும்தான். பெரும்பாலும் எலும்புதான். இந்த ஆர்டர் கிடைத்தால் நகரத்தில் தனி வீடு. கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க அந்த எலும்பு.

குறுக்கே நின்றது குப்பை அல்ல. ஒரு பழக்கம்.

வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை பெருக்கக் கூடாது. பெருக்கினால் அவர் திரும்பி வரும் வழியையும் சேர்த்து வாரிக் கொட்டியதாகிவிடும். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அக்-ஜரில் வீட்டுக்கு ஒரு லாரி டிரைவர். எல்லா வீட்டுக்கும் வாசல் அந்த ஒரே சாலைதான். விடிந்ததிலிருந்து யாராவது கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். அன்று நூரிபாவின் மகன் எசென் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு அப்போதுதான் கிளம்பியிருந்தான். எங்கள் ஊர் அழுக்காக இருப்பதாக வெளியூர்க்காரர்கள் ஏளனம் செய்வதுண்டு. அது அழுக்கல்ல, அக்கறை.

மெதெர் விஞ்ஞான முறையில் இறங்கினான். வீடு வீடாகப் போய், “உங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாச்சா?” என்று விசாரித்தான். கேட்டவனை வாசலில் நிறுத்திப் பேச முடியுமா? உள்ளே கூப்பிட்டு டீயும், எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் கொடுத்தார்கள். ஊர்க்கோடி வீட்டுக்காரி தன் கணவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக உறுதி சொல்லும்போது, முதல் வீட்டு மச்சான் வண்டியைக் கிளப்பியிருப்பான். மெதெருக்கு வயிறுதான் நிறைந்தது.

பிறகு அவன் இன்னொரு யோசனையோடு மாமியாரிடம் வந்தான். வெளியே தள்ளிப் பெருக்கினால்தானே ஆபத்து? எல்லையிலிருந்து ஊரை நோக்கி, உள்பக்கமாகப் பெருக்கினால்? நூரிபா நீண்ட நேரம் யோசித்தாள். உள்ளே இழுப்பதுபோல் பெருக்கினால் போனவன் சீக்கிரம் வருவான் என்பது நியாயமாகத்தான் பட்டது. அவள் முக்காலியை ஓரமாக நகர்த்தவும் செய்தாள். ஆனால் ஊரின் மேல்கோடிக்காரர்களின் பிள்ளைகள் எதிர்த் திசையில், கணவாய் வழியாகத் தலைநகரத்துக்குப் போகிறவர்கள். எல்லையிலிருந்து ஊருக்குப் பெருக்கினால் அவர்களுக்கு அது வெளியே தள்ளுவது. மேல்கோடியிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். அவர்களும் முக்காலி கொண்டுவந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் தலைநகரத்திலிருந்து ‘தூய்மை ஆய்வுக் குழு’ வருவதாகச் செய்தி வந்தது. இசாபெக் அவசரக் கூட்டம் கூட்டினார். மேஜையில் மினரல் வாட்டர் பாட்டில்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பேனா. மெதெர் கதவோரம் நின்று, யாராவது கிளம்பிக்கொண்டே இருக்கும்வரை பெண்கள் பெருக்க விடமாட்டார்கள் என்று விளக்கினான். பிறகு அவனே சற்று வேடிக்கையாக, “யாரும் கிளம்பாம இருந்தா பெருக்கிடலாம்” என்று சொல்லிவைத்தான்.

இசாபெக் பேனாவைக் கையில் எடுத்தார்.

“எல்லாரும் போய்ச் சேரட்டும். அதுக்கப்புறம் எல்லை கேட்டைச் சாத்திடுவோம். குழு வந்து போறவரைக்கும் கணவாய்ப் பக்கமும் யாரும் கிளம்ப வேண்டாம். கிளம்புறவனும் இல்ல, முக்காலியும் இல்ல.”

கூட்டத்தில் இருந்த ஒரே பெண் உறுப்பினர், “போனவங்க திரும்பி வரணுமே, அண்ணா?” என்றார்.

“அது அடுத்த கூட்டத்துல.”

நாட்டுப் பழக்கத்தையும் நவீன இயந்திரத்தையும் ஒரே கயிற்றில் கட்டிய இந்த முடிவுக்கு எல்லாரும் கை தட்டினார்கள். மெதெரும் தட்டினான். அவன் மனசுக்குள் நகரத்து வீட்டுக்கு ஜன்னல் துணி வாங்கிக்கொண்டிருந்தான்.

எசென் எல்லைக்கு அப்பாலுள்ள தராஸ் நகரத்திலிருந்து போன் செய்தான். வந்து சேர்ந்துவிட்டான், சௌக்கியம், உருளைக்கிழங்கும் சௌக்கியம். ஒவ்வொரு வீட்டுக்கும் அதேபோல் தகவல் வந்தது. கேட் சாத்தப்பட்டது. நூரிபா தானே முக்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, “இப்பப் பெருக்குங்க மாப்பிள்ளை, நல்லாப் பெருக்குங்க” என்றாள். அவ்வளவு மரியாதையான குரலை அவன் கல்யாணத்தன்றுகூடக் கேட்டதில்லை.

அன்று காலை நாங்கள் கண்டதை வாழ்நாளில் மறக்க முடியாது. இயந்திரம் உறுமிக்கொண்டு போன வழியில் சாலை கறுப்பாக மின்னியது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கோடு இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷமாக எந்தப் பக்கம் ஓட்டினோம் என்று கிழட்டு டிரைவர்கள் கவலையில் ஆழ்ந்தார்கள். ஆய்வுக் குழு வந்தது, தரையை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தது. கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பியது. சாப்பாட்டின்போது அவர்கள் மெதெருக்கு நல்ல கறித்துண்டாகப் பார்த்து வைத்தார்கள். பக்கத்தில் இருந்த நூரிபா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு மெதெர் முகம் மழித்து, டை கட்டி, விலைப் பட்டியலோடு போனான்.

“மெதெர் தம்பி, ஒரே ஒரு சந்தேகம்” என்றார் இசாபெக். “கேட்டைச் சாத்தினதுலேர்ந்து ரோட்டுல குப்பையே விழல. அப்புறம் மெஷின் எதுக்கு?”

“திறந்தா விழுமே, அண்ணா.”

“திறந்தாத்தானே?”

மெதெர் விலைப் பட்டியலை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான். போன கூட்டத்தில் கேட்ட பெண் உறுப்பினர், திரும்பி வர வேண்டியவர்களைப் பற்றி மீண்டும் கேட்டார். வருகிறவர்கள் டயரில் மண்ணோடு வருவார்கள் என்பதைத் தலைவர் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். வேண்டுமானால் மலையைச் சுற்றிக்கொண்டு இன்னொரு எல்லைக் கடவை வழியாக வரலாம், அந்தச் சாலையின் தூய்மைப் பொறுப்பு வேறு குழுவுக்கு. குழு ஒருமனதாக ஒரு பூட்டு வாங்கியது. உலகத்திலேயே மலிவான சாலைத் துப்புரவுக் கருவி அதுதான். அதை விற்ற முகவர் யாரென்று கேட்டால், பூட்டின் விலையில் ஒரு காசும் வாங்காத எங்கள் மெதெர்தான்.

கம்பெனி லாரி அனுப்பி இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பூட்டுக்குக் காவல் வேலையைக் குழு மெதெருக்கே தந்தது. நூரிபா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சமையலறையில் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் கானிமெத்தான் செய்தி சொல்லவேண்டும். ஒரு நாள் அவள் சொல்லியனுப்பிய செய்தி இது: “நான்தான் பெருக்கச் சொன்னேன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லு. அதுக்காக நான் அழல. கேட்டைச் சாத்தறதுக்கு அவர் கை தட்டினாராமே, அதுக்குத்தான் அழறேன்.” அன்று மெதெரின் தட்டில் எலும்பும் இல்லை.

எசென் லாரியில் விற்காமல் மீந்த உருளைக்கிழங்கு முளைவிட்டது. தராஸ் ஓரத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு விதவை அதை விதைக்கு வாங்கினாள். பிறகு குடியிருக்க ஓர் அறை கொடுத்தாள். பிறகு தன் மகள் ஜிபெக்கைக் கொடுத்தாள். மலையைச் சுற்றி வந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள், நாங்களும் கேட்டோம். ‘கேட் திறந்ததும் வரேன்’ என்றுதான் அவன் சொன்னான், கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னதாகக் கேள்வி. கல்யாணத்துக்கு நூரிபா சுற்று வழியாகவே போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன கானிமெத் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்ற டிரைவர்கள் ஒவ்வொருவராகக் குடும்பத்தைப் பின்னால் வரவழைத்துக்கொண்டார்கள். மேல்கோடிக்காரர்கள் தலைநகரத்துக்குப் போய்விட்டார்கள். மெதெர் இப்போது தனி வீட்டில் இருக்கிறான். அவன் கேட்டது அதுதான்.

எங்கள் சாலைக்கு விருது கிடைத்திருக்கிறது. எல்லைகடந்த நெடுஞ்சாலைகளிலேயே ஒரு புகார்கூட வராத சாலை இது ஒன்றுதான் என்று இசாபெக் அவர்கள் மேடையில் தழுதழுத்த குரலில் அறிவித்தார். முற்றிலும் உண்மை. புகார் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.