உங்கள் பவளத்துக்கு நான் போட்ட அரை உப்பு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. உங்கள் வீட்டில் நானும் உங்கள் அத்தையும் சுகம். பயிற்சிக்குப் போன இடத்தில் மகளும் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். கடல் மீன் தொட்டியில் இருப்பவர்களின் சுகத்தை மட்டும் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை எண்ணை அழுத்தி மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நீங்கள் என்னிடம் பேசியது "சாப்ட்டீங்களா மாமா", "வரேன் மாமா" என்ற இரண்டே வாக்கியம். எனக்கும் அதற்கு மேல் பேசத் தெரியாது. அப்படிப்பட்டவர் பெட்டியும் கையுமாக வாசலில் நின்று, "மாமா, தொட்டிய உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான வருஷம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வாங்கி வந்து, இன்று உள்ளங்கை அகலத்துக்கு விரல் விரலாக விரிந்து ஆடுகிற அந்தப் பச்சைப் பவளத்தைக் கூடப்பிறந்த தம்பியிடம்கூட விடாமல் என்னிடம் விட்டீர்கள். அதைத்தான் நான் என்ன செய்தேன் என்று சொல்லப்போகிறேன்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, உப்புக் கலந்த புதுத் தண்ணீரை விட்டேன். நாலாவது வாரம் உப்பு வாளி காலி. காலிப் பாத்திரத்தைக் கழுவாமல் வைப்பது, ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் தலைமைச் சமையல்காரனாக இருந்த என் கைக்குத் தெரியாத காரியம். கம்பி நாரைப் போட்டு உள்ளும் புறமும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, நீங்கள் எழுதி வைத்த தாளை எடுத்துப் பார்த்தால், 'உப்பு தீர்ந்தால் வாளியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து அதையே வாங்கவும்' என்று இருக்கிறது. பகீரென்றது. வாளி பளபளவென்று மின்னியது, பெயர் சுக்கல் சுக்கலாகச் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

உப்பு என்றால் உப்புதானே என்று தைரியமாக அலங்கார மீன் கடைக்குப் போனேன். அங்கே அலமாரி நிறைய வாளி. உப்பில் இத்தனை ஜாதி இருக்கிறது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டால் ஒரு சமையல்காரனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். கடைக்காரர், "வெறும் மீனுன்னா இது போதும். பவளம் இருந்தா சுண்ணாம்புச் சத்து கூட இருக்கிற அது வேணும். நீங்க எத போட்டுட்டு இருந்தீங்க?" என்றார். "வெள்ளையா இருந்துச்சு" என்றேன். "எல்லாமே வெள்ளைதாங்க" என்றார். தண்ணீரில் சுண்ணாம்பா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது கல்லு இல்லீங்க, உசுரு. அந்தச் சுண்ணாம்ப எடுத்துத்தான் எலும்பு கட்டும்" என்று அவர் சொன்னார். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், ரெண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பவளத்து உப்பு கொஞ்சம் கசந்தது. "வயித்துக்கு எது லேசா இருக்கும்?" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார், வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். கசக்காத மீன் உப்புதான் லேசு என்று அதையே வாங்கி வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் ஆரஞ்சு மீன் இரண்டும் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கின்றன. மாப்பிள்ளை, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊர் சொல்லும். எங்கள் ஆஸ்பத்திரியில் உப்பில்லாப் பண்டம்தான் வைத்தியமே. இதய நோயாளியோ சிறுநீரக நோயாளியோ, படுத்துவிட்டான் என்றால் முதல் வேலை உப்பைக் குறைப்பது. எனக்கு அங்கே பெயரே 'அரை உப்பு மாஸ்டர்'. அந்தக் கை சும்மா இருக்குமா, அளவுக் கோப்பையை எடுத்துப் பாதி உப்பைத்தான் போட்டது. பத்து லிட்டர் மாற்றினால் எப்போது குணமாவது என்று பாதித் தொட்டியையே மாற்றிவிட்டேன். மத்தியானத்துக்குள் பவளம் விரலையெல்லாம் உள்ளே இழுத்து, குத்துவிடுகிற கை மாதிரி இறுகிப்போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, கூப்பிடாமலே மீன் கடைக்காரர் வந்து நிற்கிறார். "இந்தப் பக்கமா வந்தேன், தொட்டியப் பாத்துட்டுப் போலாம்னு" என்றவர், கண்ணில் வைத்துப் பார்க்கிற உங்கள் உப்புமானிக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சு இருக்கணும், இருபத்தாறு காட்டுது. ஏங்க பாதி போட்டீங்க?" என்றார்.

"நோயாளிக்கு அவ்வளவுதாங்க போடுவோம்."

"யாரு நோயாளி?"

மீன்களைக் காட்டினேன். "அதுங்க எப்பவும் அங்கதாங்க படுக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "ஐயா, கடலுக்கு யாரும் பத்தியம் வைக்கிறதில்லீங்க" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் என் சமையலைப் பற்றி இவ்வளவு பெரிய வார்த்தையை யாரும் சொன்னதில்லை. பவளத்து உப்பு ஒரு வாளி கையோடு கொண்டுவந்திருந்தார். "ஒரேயடியா ஏத்துனா அதுவே கொன்னுடும். நாலு நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க" என்று அளந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நாலு நாளும் நான் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துத் துடைத்து நனைந்த துண்டை, தொட்டிக்கு மேலே சுவரில் இருக்கிற வெள்ளை உருண்டையில் காயப் போட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உங்கள் அத்தைக்கு இது எதுவுமே தெரியாது. இன்று ஐந்தாம் நாள். குழாய் முப்பத்தைந்து காட்டுகிறது. காலையில் பார்த்தபோதும் பவளம் விரலை நீட்டவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்; அரை உப்பு இட்டவரை நீங்கள் எப்படி நினைப்பீர்களோ தெரியவில்லை. இனி என்னிடம் அந்த இரண்டு வாக்கியம்கூடப் பேசாவிட்டாலும் அது நியாயம்தான்.

மகளுக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், என்னைப் போன்றவர்களின் கையில் எதையும் கொடுக்காமல் நீடூழி வாழ வேண்டும்.

தலை குனிந்து நிற்கும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டேன். உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்த வெள்ளை உருண்டை கேமராவாமே. சத்தமும் கேட்குமாமே. நான் பாதி உப்பைப் போட்டபோதே பார்த்துவிட்டு, கடைக்காரரை அனுப்பியதே நீங்கள்தானாமே. "ஏன்டி, மாப்பிள்ளை அப்பவே உன்கிட்ட என் கையப் பிடிச்சுத் தடுக்கச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். நீங்கள் அவளிடம் போனில் சொன்னதை அப்படியே சொன்னாள்: "தடுத்தா மாமா அதுக்கப்புறம் தொட்டிப் பக்கமே வரமாட்டாரு அத்த. பவளம் போனா வேற வாங்கிக்கலாம்." ஆகவே, மேலே பேசவில்லை, அழவில்லை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். 'கண்ணு, வாயத் தொறடா' என்று நாலு நாளும் நான் கெஞ்சியது உங்களுக்குக் கேட்டிருக்கும். நாலு நாளாகத் துண்டு மட்டும்தான் தெரிகிறது, அதை எடுக்கச் சொல்லுங்கள் என்று நேற்றுச் சொன்னீர்களாம். இப்போது எடுத்துவிட்டேன். இடது ஓரத்தில் நாலு விரல் வெளியே வந்திருக்கிறது மாப்பிள்ளை. இந்தக் கடிதம் வந்து சேருவதற்கு முன்னால் நீங்களே பார்த்திருப்பீர்கள். நீங்க சாப்ட்டீங்களா?