டார்வாவுக்கு ஒரு பணிப்பதிவேடு

கண்டிப்பான வாசகர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஓர் எழுத்தாளனைக் கக்கூஸுக்குள் ஒளிந்துகொள்ள வைத்த வாசகர், எனக்குத் தெரிந்து, பதிவேடு சார் ஒருவர்தான். ஒளிந்த எழுத்தாளன் யார் என்று கேட்காதீர்கள். சொல்லத்தான் போகிறேன்.

இலுப்பூரில் ஓர் அரசு அலுவலகம். எது என்பது வேண்டாம், எனக்கு இன்னும் பதினொரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அங்கே பதிவேடு சார் கண்காணிப்பாளர். ஊழியன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவன் எடுத்த விடுப்பு, வாங்கிய தண்டனை, உடம்பில் உள்ள மச்சம் வரை எழுதி வைக்கிற தடித்த நோட்டுக்குப் பணிப்பதிவேடு என்று பெயர். எங்கள் எல்லோருடையதும் அவர் பீரோவில் இருந்தது. என் வலது தோளில் மச்சம் இருப்பது என் மனைவிக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, அவருக்கு இருந்தது.

எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. செல்போனில் ஆடுகிற சண்டை கேம் ஒன்றில் வருகிற ஆட்களை வைத்து நானாகக் கதை எழுதி இணையத்தில் போடுவேன். இதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். என் வீட்டில் இதற்கு வைத்த பெயரை அச்சிட முடியாது. கதாநாயகி டார்வா. கோடாலிக்காரி, இடது கால் நொண்டி, ஐம்பது வயது இருக்கும். எனக்கு மொத்தம் பதினான்கு வாசகர்கள். அதில் இரண்டு பேர் நானே, வேறு பெயர்களில்.

ஒருநாள் ஆறாவது அத்தியாயத்தை அலுவலகக் கம்ப்யூட்டரில் அடித்து, பிழை பார்க்கலாமென்று பிரிண்ட் கொடுத்தேன். என் மேஜைப் பிரிண்டர் சும்மா இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பதிவேடு சார் அறையில், அவருடைய பிரிண்டர் கரகரவென்று நான்கு பக்கம் தள்ளியது.

அரசு ஊழியனை அலற வைக்கும் சொல் ஒன்று உண்டு: பதினேழு பி. வேலைக்கே உலை வைக்கிற குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அரசுக் காகிதம், அரசு மை, அரசு நேரம், கையில் கோடாலியோடு ஒரு பொம்பளை. நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். உதவியாளர் செல்வி வந்து கதவைத் தட்டினார்.

"சார், உள்ள இருக்கீங்களா? பதிவேடு சார் கூப்புடுறாரு."

"இல்லைன்னு சொல்லுங்க."

"உள்ள இருந்துக்கிட்டே இல்லைங்கிறீங்களே, எப்புடி சார் சொல்றது?"

போனேன். கால் மட்டும் முன்னால் போனது, மற்றதெல்லாம் பின்னால் வந்தது. என் நான்கு பக்கங்களிலும் சிவப்புப் பேனா விளையாடியிருந்தது.

"மூணாவது பத்தி. டார்வா சிரிச்சான்னு போட்ருக்க. ஆதாரம்?"

"சார்?"

"கேம்ல எங்கிட்டாச்சும் சிரிச்சிருக்காளா? அவ பேசுறதே மொத்தம் பதினோரு வரி. அதுல நன்றின்னு ஒரு வார்த்தை இருக்கா? நீ பாட்டுக்கு அவ கும்புடு போட்டு நன்றி சொல்றான்னு எழுதுற. வேற யாரையோ கூட்டியாந்து டார்வான்னு பேரு வச்சா ஆச்சா?"

இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில், எங்களுக்கெல்லாம் எழுதுகிற அதே உருண்டை எழுத்தில்: பெயர், டார்வா. பிறந்த தேதி, தெரியவில்லை. அங்க அடையாளம், இடது கால் ஊனம். மூன்றாம் கட்டத்துக்குப் பின் வலது தோளில் காயம். விடுப்பு, இல்லை. கேமில் வருகிற ஒன்பது பேருக்கும் இப்படிப் பக்கம் ஒதுக்கியிருந்தார்.

"சார், நீங்க இந்த கேம் ஆடுவீங்களா?"

"நான் ஏன்யா ஆடுறேன்? வீட்ல ஆடுவாங்க." நோட்டை மூடினார். "இப்ப முடியல."

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. மருந்து ஏற்றி ஏற்றி விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், போன் கையில் நிற்காமல் நழுவியது. ஆட்டம் நின்றது. டார்வா இல்லாமல் அக்காவுக்குப் பொழுது போகவில்லை. இவர் இணையத்தில் துழாவியதில், அவளைப் பற்றித் தமிழில் எழுதுகிற ஒரே அறிவாளியாக நான் அகப்பட்டேன். தினமும் சாயங்காலம் திருக்கோகர்ணத்து வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார். எழுதுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து மேஜைக்காரன் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

அதன்பிறகு என் அத்தியாயங்கள் கோப்பு மாதிரி அவர் மேஜைக்குப் போய், ஆட்சேபணைகளோடு திரும்பி வந்தன. 'வலது தோளில் காயம்பட்டவள் வலது கையால் பாறையைத் தூக்கியது எங்ஙனம்?' 'நேற்றுவரை ஒற்றைச் சொல் பேசியவள் இன்று அரைப்பக்கம் பேசக் காரணம் யாது?' ஒருமுறை டார்வாவைச் சித்தன்னவாசலுக்கே கூட்டி வந்து, ஓவியங்களுக்கு அடியில் அரைமணி நேரம் மெய்மறந்து நிற்க வைத்தேன். அவள் நம் ஊருக்கு வந்ததில் சாருக்கு ஆட்சேபணையே இல்லை.

"வரட்டும்யா, யாரு வேணாங்கிறா? ஆனா நிக்க மாட்டா. அந்தக் காலோட மேல ஏறி வந்தவ ஒக்கார எடந்தான் தேடுவா."

வாயால் சொன்னதோடு நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். மடக்கிய குடையைக் கோடாலியாகத் தோளில் சாத்தி, இடது காலை இழுத்து இழுத்துக் குன்றின் மேல் ஏறினார். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. "பாவம்ங்க, பக்கவாதம் போல" என்றார் அந்த அம்மா என்னிடம். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல? ஏறப் பதினேழு நிமிஷம் என்று குறித்துக்கொண்டவர், இறங்கும்போது கொஞ்சதூரம் நொண்டலை விட மறந்தே போனார்.

ஆவணியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அக்காவை வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்.

"கதைய முடிச்சிருய்யா," என்றார் சார். "முடிவு கேட்டுட்டுப் போகணுங்கிறா."

"எத்தன நாள் சார் இருக்கு?"

"சீக்கிரம் முடி."

என் கதையில் டார்வா அப்போது ஏழாவது வாசலில் நெஞ்சில் காயத்தோடு நின்றாள். அவள் அங்கே செத்துப்போவதாகத்தான் முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்திருந்தேன். அதை எப்படி ஐயா அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வாசிப்பது? நாலு நாள் பிரஷர் மாத்திரையை இரட்டையாகப் போட்டுக்கொண்டு யோசித்தேன். கடைசியில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மூலிகை ஊற்றைத் தோண்டினேன். டார்வா குடித்தாள். காயம் மூடியது. கால்கூட நேரானது. எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதாள், நன்றி சொன்னாள், சிரித்தாள். ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். நாலு ஆடு வாங்கிக் கொடுத்தேன்.

பதிவேடு சார் நின்றபடியே படித்தார். நான் சிவப்புப் பேனாவுக்குக் காத்திருந்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆட்சேபணை இல்ல. சாயங்காலம் நீயும் வா."

போனேன். அக்கா கட்டிலில் ஒரு துணி மடிப்பு அளவுக்குத்தான் இருந்தார். சார் வாசித்தார். ஆடுகள் வந்ததும் அக்கா கையை அசைத்து நிறுத்தினார்.

"யாரு தம்பி இது?"

"டார்வாக்கா."

"டார்வா இல்ல. நீங்க என்னயப் பாத்துட்டு எழுதிருக்கீங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் பொழைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் தம்பி. அவளயாச்சும் அவளா இருக்க விடுங்க." பிறகு மெல்ல சார் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்களுமா இத பாஸ் பண்ணுனீங்க?"

முப்பது வருஷ சர்வீஸில் ஒரு காற்புள்ளியைக்கூடச் சும்மா விடாத மனிதர், சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருந்துச்சு," என்றார். "அவ பொழைச்சது நல்லா இருந்துச்சு."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். இரண்டு டவுன் பஸ் போனது. அப்புறம் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"கேம்ல தெம்பு தீந்தா மத்த எட்டுப் பேரும் கீழ விழுவாங்க. இவ மட்டும் விழ மாட்டா. கோடாலிய மடியில வச்சுக்கிட்டு ஒக்காருவா. அதோட திரை இருட்டிரும். இதான்யா இருக்கு. இத எழுது."

மறுநாளே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஊற்று இல்லை, ஆடு இல்லை, அழுகை இல்லை. 'மெதுவாக உட்கார்ந்தாள்' என்று முடித்திருந்தேன். அவர் 'மெதுவாக'வை அடித்தார். "ஒக்காந்தா. அம்புட்டுத்தான்."

அன்று சாயங்காலம் அதைக் கடைசி வரி வரை வாசித்தார், அலுவலகச் சுற்றறிக்கை படிக்கிற அதே குரலில், எங்கும் நிறுத்தாமல். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ, அதற்கும் மேலேயோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"ம்," என்றார் அக்கா. "இவதான்."

மேலும் ஒன்பது நாள் இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து சார் வேலைக்கு வந்த அன்று, ஆளாளுக்கு அவரிடம் ஏதோ சொன்னார்கள். அலுவலகத்தின் ஆஸ்தான கோமாளியான நான் மட்டும் மதியம் என் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "என்னய்யா, ஒன் மேஜைக்கு என்னாச்சு?" என்றார். "ஒன்னுமில்ல சார்," என்றேன். இப்போது தினமும் அங்கேதான் சாப்பாடு. நான் எப்போதும் அவசரமாக விழுங்குகிறவன். அவர் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிடுகிறவர். ஆனால் கடைசிக் கவளத்தை மட்டும், அவர் முடிக்கும்வரை, நான் எடுப்பதே இல்லை.