மூன்றாவது கணக்கு

"அனுமதி இல்லை எண்டு சொல்லுது, தம்பி! என்ரை வீடு, என்ரை கொம்பியூட்டர், என்ரை மகளின்ரை சாதகம். அனுமதி தாறதுக்கு உது ஆர்?"

ஏரம்பு கைபேசிக்குள் கத்தினார். மருதனார்மடத்துக் கலியாணப் புறோக்கர் அவர். ஊரில் பாதிப்பேரைச் சோடி சேர்த்துவைத்தவருக்குச் சொந்த மகள் தக்சாயினிக்கு மட்டும் ஒன்றும் பொருந்திவரவில்லை. போகிற இடமெல்லாம் 'உங்கடை மகளுக்கு எப்ப?' என்ற கேள்வி. மனுசன் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தார். ஒருவழியாக நோர்வேயில் ஒரு மாப்பிள்ளை அகப்பட்டிருந்தான். அவனுடைய தாய் இன்று பின்னேரம் பொருத்தம் பார்க்க வருகிறாள்.

சிக்கல் ஏரம்புவின் ஒழுக்கத்தால் வந்தது. குமர்ப்பிள்ளைகளின் படங்கள் ஆண்களின் படங்களோடு ஒரே இடத்தில் கிடக்கலாமா? ஆகவே கணினியில் 'மாப்பிள்ளை', 'பொம்பிளை' என்று வேறுவேறு கணக்குகள். சம்பந்தம் முற்றாகி, கலியாணம் நிச்சயமானால் மட்டும் இருவரின் கோப்புறைகளையும் தக்சாயினி 'முற்றானது' என்ற மூன்றாவது கணக்கில் சேர்த்துவைப்பாள். அவளோ ஏதோ அலுவல் என்று காலையிலேயே வெளியே போய்விட்டாள். பொருத்தம் பார்க்க மகளின் சாதகத்தை 'பொம்பிளை'யிலிருந்து எடுத்து, 'மாப்பிள்ளை'யில் கிடந்த நோர்வேக்காரனுடையதோடு வைக்கும் வேலை ஏரம்புவின் தலையில் விழுந்தது.

மறுமுனையில் இருந்தவன் சிவகரன், சந்தியில் கணினி திருத்துகிற கடைக்காரன். எத்தனை தரம் வந்தாலும் கூலி வாங்கமாட்டான். அவன் சாதகமும் 'மாப்பிள்ளை'யில் கிடக்கிற மரியாதை என்று ஏரம்பு நினைத்துக்கொள்வார். நோர்வேக்காரர்களுக்கு நடுவில் சந்திக் கடைக்காரனை அவர் ஒருவருக்கும் காட்டியதில்லை.

"நேரை போகாது ஐயா. 'பொது' எண்டு ஒரு கோப்புறை இருக்கு. அதுக்குள்ளை போடுங்கோ. பிறகு மற்றக் கணக்காலை வந்து எடுங்கோ."

அத்தனை பெயர்களுக்குள் மகளைத் தேட ஏரம்புவுக்குப் பொறுமையில்லை. 'பொம்பிளை'யில் கிடந்த எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிப் பொதுவில் போட்டார். 'மாப்பிள்ளை'க்கு வந்து அப்படியே உள்ளே இழுத்தார்.

"ஐயோ தம்பி! வலிகாமத்துக் குமருகள் எல்லாம் ஆம்பிளையளின்ரை பக்கம் வந்திட்டினம்!"

"பதறாதேங்கோ. திருப்பி அனுப்புங்கோ."

அனுப்பினார். அவசரத்தில் ஆண்களும் கூடவே கிளம்பிப் போனார்கள்.

தேத்தண்ணியோடு வந்த மனைவி குணலட்சுமி திரையை எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பொம்பிளையளுக்குள்ளை மீசையோடை ஆர் நிக்கிறது?"

"நோர்வே மாப்பிள்ளை. நீ பேசாமல் இரு!"

இனிப் பிரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு படமாகத் திறந்து, ஆண்களை மட்டும் திருப்பி அனுப்பினார். நீளமுடி வளர்த்த ஒரு டொக்டர் இரண்டு தரம் போய்வந்தார். கடைசியில் பார்த்தால், தக்சாயினியைக் காணவில்லை. மேலும் கீழும் தேடினார். குப்பைத்தொட்டியையும் திறந்து கிண்டினார். அங்கேயும் இல்லை.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. நோர்வேக்காரனின் தாய் சீலையைச் சரிசெய்தபடி இறங்கினாள்.

ஏரம்புவுக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பி, ஊர்ப் பிள்ளையள் எல்லாம் இருக்கு. என்ரை பிள்ளையைத் துலைச்சுப்போட்டன்!"

மறுமுனையில் யாரோ ஒரு பெண், "சொல்லுங்கோவன்" என்று கிசுகிசுப்பது கேட்டது.

"துலையேல்லை, மாமா," என்றான் சிவகரன். "'முற்றானது' கணக்கைத் திறந்து பாருங்கோ. எனக்குப் பக்கத்திலை இருக்கிறா."